வட சென்னையில் அரசியல் போட்டியும் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பொருளாதாரப் பாடத்தில் ஒரு வரியைப் படிக்கிறார்கள்: கட்சிகளுக்கிடையே போட்டி கடுமையாக இருக்கும் இடத்தில் ஆட்சி நன்றாக நடக்கும், ஊர் வளரும். வீட்டுக்கு வந்து தெருவைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிடுகிறது. நம் பக்கம் போட்டிக்கு என்ன குறைச்சல், பிறகு ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். தேர்தல் நெருங்கினால் பெரியவர்களும் இதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அரசியல் போட்டி என்று எதைச் சொல்கிறோம்? கொடியும் கட்-அவுட்டும் நிறைய இருந்தால் போட்டியா?

பதவியில் இருப்பவருக்கு அடுத்த முறை தோற்றுவிடுவோம் என்ற பயம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதுதான் போட்டி. ஆய்வாளர்கள் இதைப் பல வழிகளில் அளக்கிறார்கள். வெற்றி வித்தியாசம் எவ்வளவு, எத்தனை கட்சிகளுக்கு வெல்லும் பலம் உண்டு, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார் என்று பார்ப்பார்கள்.

நம் பக்கத்து எண்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். 1991 சட்டமன்றத் தேர்தலில் துறைமுகம் தொகுதியில் மு. கருணாநிதி வென்றது 890 ஓட்டு வித்தியாசத்தில். நூலிழை என்றால் அதுதான். வட சென்னை நாடாளுமன்றத் தொகுதியிலோ 2019இல் வித்தியாசம் நான்கு லட்சத்தைத் தாண்டியது, 2024இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. ஒரே வட்டாரம்தான். ஒரு தேர்தலில் நூலிழைப் போட்டி, இன்னொன்றில் ஒரு பக்க அலை.

இராயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி. ஜெயக்குமார் 1991இல் வென்றார், 1996இல் தோற்றார், 2001 முதல் 2016 வரை நான்கு தேர்தல்களில் தொடர்ந்து வென்றார், 2021இல் மறுபடி தோற்றார். தோற்ற இரண்டு முறையும் மாநிலம் முழுக்க ஆட்சி மாறிய ஆண்டுகள். அதாவது, இங்கே போட்டி என்பது பெரும்பாலும் மாநில அளவில் வீசும் காற்றுதான். தெருவில் சாக்கடை ஓடுகிறதா, அடைத்திருக்கிறதா என்பது அந்தக் காற்றைத் திருப்புவதில்லை. மற்ற பதில்களுக்கும் இதுதான் அடிப்படை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி இருந்தால் பொருளாதாரம் வளரும் என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது அது வெறும் நம்பிக்கையா?

ஆதாரம் உண்டு. அதிகம் பேசப்படுவது அமெரிக்கத் தென் மாநிலங்களின் கதை. அங்கே உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஏறக்குறைய நூறாண்டு காலம் ஜனநாயகக் கட்சி ஒன்றே அசைக்க முடியாமல் இருந்தது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும், எழுத்தறிவுச் சோதனையில் தேற வேண்டும் என்றெல்லாம் வைத்துக் கறுப்பின மக்களையும் ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்து அந்தத் தடைகள் உடைந்தன. மெல்ல மெல்ல இரண்டு கட்சிகளும் மோதும் நிலை வந்தது. டிமோதி பெஸ்லி, டார்ஸ்டன் பெர்சன், டேனியல் ஸ்டர்ம் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இதை ஆராய்ந்தார்கள். போட்டி கூடிய மாநிலங்களில் வரிச்சுமை குறைந்தது, சாலை போன்ற மூலதனச் செலவு கூடியது, ஆலைகள் வந்தன, வருமானம் வேகமாக வளர்ந்தது என்பது அவர்கள் கண்டது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வு 'வளர்ச்சிக்கு ஏற்ற கொள்கை' என்று எண்ணியவற்றுள் தொழிற்சங்கத்தின் பிடியைத் தளர்த்தும் சட்டமும் ஒன்று. 1918இல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்த மண் இது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் நின்று பேசிய பெரம்பூரில் வளர்ந்த எனக்கு அதை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. மற்றபடி ஆய்வின் அடிப்படைக் கருத்து வலுவானது: தோற்போம் என்று பயந்தால்தான் ஆட்சியாளர் தன் கூட்டத்துக்கு மட்டும் பங்கு வைப்பதை விட்டு எல்லோருக்கும் பயன்படுவதைச் செய்யப் பார்ப்பார்.

இந்தியாவிலும் அப்படித்தானா?

ஓரளவுக்கு. பெஸ்லியும் ராபின் பர்ஜஸ்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்திய மாநிலங்களைப் பற்றியது. வறட்சியும் வெள்ளமும் வந்தபோது எந்த மாநில அரசு வேகமாக ரேஷனும் நிவாரணமும் கொடுத்தது என்று பார்த்தார்கள். பத்திரிகை அதிகம் விற்கும் இடத்திலும், மக்கள் அதிகம் ஓட்டுப் போட்டு ஆட்சியைக் கேள்வி கேட்கும் இடத்திலும் அரசு விரைந்து அசைந்தது. பிரதீப் சிப்பரும் இர்ஃபான் நூருதீனும் 2004இல் சொன்னது வேறொன்று. இரண்டு பெரிய கட்சிகள் மோதும் மாநிலத்தில் வெல்லப் பாதிப்பேரின் ஆதரவு வேண்டும், அதனால் பொதுவான வசதிகளுக்குச் செலவு போகிறது. பல கட்சிகள் பிரிந்து நிற்கும் மாநிலத்தில் சிறு பங்கு ஓட்டே போதும், அதனால் தன் சாதிக்கும் தன் ஆட்களுக்கும் மட்டும் செய்துவிட்டுப் போகலாம்.

எதிர் உதாரணங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் ஆண்டது, தொழில் தேய்ந்தது. குஜராத்தில் 1995 முதல் பெரும்பாலும் ஒரே கட்சி, ஆனால் ஆலைகள் பெருகின. கேரளத்தில் 1982 முதல் 2021 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே போனார்கள், தொழிற்சாலை அந்த அளவுக்கு வரவில்லை. போட்டி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்?

நன்றாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். எழுபதுகளிலிருந்து இங்கே இரு திராவிடக் கட்சிகளின் மோதல்தான். அந்த மோதல் சோற்றுத் தட்டிலும் தெரிந்தது. காமராஜர் காலத்து மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக விரித்தார், கருணாநிதி முட்டை சேர்த்தார், ஜெயலலிதா 2013இல் அம்மா உணவகம் திறந்தார், ஸ்டாலின் 2022இல் பள்ளிகளில் காலை உணவு கொண்டுவந்தார். ஒருவர் கொண்டுவந்ததை அடுத்தவர் நிறுத்தத் துணியவில்லை. ஒரு படி மேலே போகத்தான் பார்த்தார்கள்.

தொழிலிலும் அப்படி ஒரு தொடர்ச்சி இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஃபோர்டு ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. ஹுண்டாய்க்கு 1996இல் கருணாநிதி ஆட்சியில் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டினார்கள். யார் வந்தாலும் கார் ஆலைக்குத் தடை போடவில்லை. ஆனால் அந்த ஆலைகளெல்லாம் ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் போயின. மென்பொருள் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போனது, தரமணியில் டைடல் பார்க் 2000இல் திறந்தது. நம் பக்கத்துக்கு வந்தது சாம்பலும் குப்பையும் டிரெய்லர் லாரியும். மாநிலம் வளர்ந்தது உண்மை. அந்த வளர்ச்சி நகரத்தின் எந்தப் பக்கம் இறங்கியது என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் இவ்வளவு போட்டி இருந்தும் வட சென்னை ஏன் பின்தங்கியது?

நான் சொல்ல வந்ததே இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். போட்டி பலன் தர வேண்டுமானால், முடிவெடுப்பவரும் ஓட்டுக்கு வந்து நிற்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். வட சென்னையில் அந்த இரண்டும் பிரிந்துபோய்விட்டன.

நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பெரிய நிறுவனங்கள் யார் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சென்னைத் துறைமுகம் மத்திய அரசின் கீழ். எண்ணூரில் 2001இல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகமும் அப்படியே. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது, அது பொதுத்துறை. உர ஆலையும் பொதுத்துறை. வட சென்னை அனல்மின் நிலையம் மாநில மின்வாரியத்தின் கையில். காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியார் கையில். இவற்றில் எதன் தலைவரும் தண்டையார்பேட்டையில் கைகூப்பிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வருவதில்லை. வருகிற சட்டமன்ற உறுப்பினர் இவற்றில் எதையும் விரிவாக்கவோ நிறுத்தவோ முடியாது.

தொகுதிக் கோடுகளும் சேர்ந்து குழப்புகின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று வடக்கே பார்த்தால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கண்ணெதிரே நிற்கும். அவை அத்திப்பட்டுப் பக்கம், பொன்னேரித் தொகுதியில் இருக்கின்றன. சாம்பல் கலந்த தண்ணீரில் வலை இழுக்கும் எண்ணூர்க்காரர் ஓட்டுப் போடுவது திருவொற்றியூர்த் தொகுதியில். சுவாசிக்கிற காற்றை ஒரு தொகுதி தருகிறது, ஓட்டை இன்னொரு தொகுதி வாங்கிக்கொள்கிறது.

2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. ஊர்ப் பையன்களும் மாணவர்களும் வாளியால் மொண்டு எடுத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கழிமுகம்வரை பரவியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற உயரம்வரை கறுப்பாகக் கோடு விழுந்தது. படகின் அடியில், வலையின் கண்ணில், அலையாத்திச் செடியின் வேரில் எல்லாம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதே மாத இறுதியில் ஓர் இரவு அமோனியா வாயு கசிந்து பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு 12,500 ரூபாய் கொடுத்தது. நிவாரணம் வரும் என்பதற்குப் போட்டி அரசியல் உத்தரவாதம் தருகிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெஸ்லியும் பர்ஜஸ்ஸும் கண்டது அதைத்தான். ஆனால் கசிவே வராமல் தடுப்பது எந்த வேட்பாளரின் வெற்றி தோல்வியையும் தொடவில்லை.

எம்.எல்.ஏ., எம்.பி. இருக்கட்டும். கவுன்சிலர் பக்கத்திலேயே இருக்கிறாரே, அங்கே போட்டி இல்லையா?

இருந்திருக்க வேண்டும். இந்தப் பகுதியின் பெரிய இழப்பு அங்கேதான் நடந்தது என்பது என் உறுதியான கருத்து.

சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்து தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வந்தது 1996இல். இடையில் 23 ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மணலியில் ஆலைகள் பெருகின, குடிசைகள் பெருகின, கொடுங்கையூரில் குப்பை மலையானது. தண்ணீருக்கு அடிபம்பும் லாரியும்தான். அப்போது ஒரு தெருவில் குழாய் வரவில்லை என்றால் அதற்காகத் தோற்கக்கூடிய ஆள் ஊரிலேயே கிடையாது. இரு திராவிடக் கட்சிகளும் மாநிலத்தில் மூச்சு முட்ட மோதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் நகரத்தில் போட்டியே இல்லாமல் போனது. எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தல் வைக்க அவசரப்படவில்லை.

நாடாளுமன்றம் அரசியலமைப்பில் 74ஆவது திருத்தம் செய்து, உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கிய பிறகுதான் 1996இல் தேர்தல் வந்தது. பிறகும் ஒருமுறை அறுந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது, இட ஒதுக்கீடு, வார்டு வரையறை என்று வழக்கும் தாமதமுமாகி, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. அந்த இடைவெளிக்குள்தான் 2017 எண்ணெய்க் கசிவும் கொரோனாவும் வந்து போயின. இரண்டின்போதும் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 2011வரை திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் தனி நகராட்சிகள். தங்கள் மன்றம், தங்கள் தலைவர். அந்த ஆண்டு சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது எல்லாம் மாநகராட்சியில் கலந்தன. 2022 தேர்தலின்போது 200 வார்டில் திருவொற்றியூர் மண்டலத்துக்கு 14. திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் என்று ஆறு மண்டலங்களையும் கூட்டினால் 78. கணிசமான எண்தான், ஒன்றாக நின்றால். ஒன்றாக நிற்பதில்லை, கட்சிவாரியாகத்தான் நிற்கிறார்கள். முன்பு கத்திவாக்கம் நகராட்சித் தலைவரை ஊர் மக்கள் தெருவிலேயே மறித்துக் கேட்கலாம். இப்போது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போக வேண்டும். பெரிய மாநகராட்சியில் சேர்ந்ததால் பணம் கூடியது என்பார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. போட்டி நீர்த்துப்போனது என்பதும் உண்மை.

2022இல் திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து பிரியா மேயரானார். பட்டியலினத்துப் பெண் ஒருவர், அதுவும் வட சென்னையிலிருந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு மிகப் பெரிய மகிழ்ச்சி. அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை இருந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். 1996லும் 2001லும் 2011லும் அப்படித்தான் நடந்தது.

போட்டியால் கெட்டுப்போனதும் உண்டா?

உண்டு. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை.

துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் நகருக்குள் நுழையாமல் மேலேயே போய்விட வேண்டும் என்பதுதான் திட்டம். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவம் ஓரத்தில் தூண்கள் எழும்பத் தொடங்கின. 2011இல் ஆட்சி மாறியது. ஆற்றுக்குள் தூண் வந்தால் நீரோட்டம் தடைபடும் என்று சொல்லி 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. நீரோட்டம் பற்றிய கேள்வியைத் தவறென்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு மாற்று வரைபடம் போதும், பத்தாண்டு வேண்டியதில்லை. பாதியில் நின்ற தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு கூவத்தில் அப்படியே நின்றன. கடைசியில் 2022 மே மாதம் பிரதமர் மோடி இரண்டடுக்குச் சாலையாகப் புதிதாக அடிக்கல் நாட்டினார். செலவு 5,800 கோடி ரூபாய்க்கு மேல்.

இந்தத் தாமதத்தின் விலையை எண்ணூர் நெடுஞ்சாலையில் பார்க்கலாம். துறைமுக வாசலில் நெரிசல் என்றால் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் இறங்கி வண்டிக்கு அடியிலேயே ஸ்டவ் வைத்துச் சோறு பொங்குவார், கிளீனர் பையன் துண்டை விரித்துத் தூங்குவான். சரக்கு நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஏற்றுமதியாளருக்கு நஷ்டம். வரிசைக்கு இடையில் சைக்கிளைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அது உயிர்ப் பயம். கப்பல் கம்பெனிகள் சரக்கை வேறு துறைமுகத்துக்குத் திருப்பினால் இங்கே கிளியரிங் ஏஜென்ட் ஆபீசிலும் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை குறைகிறது.

இதோடு மெட்ரோ ரயிலை ஒப்பிட்டுப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு, சுமார் 9 கிலோமீட்டர். 2016இல் அடிக்கல், 2021 பிப்ரவரியில் ரயில் ஓடியது. யார் கொண்டுவந்தது என்று எல்லாக் கட்சியும் உரிமை கொண்டாடுகிறது, யாரும் தடுக்கவில்லை. ஏன் இந்த வேறுபாடு? மெட்ரோவில் வாக்காளர் ஏறுகிறார். பறக்கும் சாலையில் சரக்கு ஏறுகிறது, சரக்குக்கு ஓட்டில்லை. போட்டி கடுமையாக இருக்கும்போது மக்கள் கண்ணில் நேரடியாகப் படும் வசதி தப்பிக்கிறது. வேலைவாய்ப்பைச் சுற்றி வளைத்துத் தரும் திட்டம் எதிர்க்கட்சியின் பெயரோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு ஆய்வுக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் போட்டியின் விளைவுதானே?

ஆமாம், அதன் அழுகிய பக்கம். 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு தேர்தல் ஆணையம் பணப் பட்டுவாடா காரணமாக ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக 40,000க்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார்.

நம் மக்களைப் பார்த்து, பணத்துக்கு ஓட்டை விற்கிறவர்கள் என்று வெளியிலிருந்து வருபவர்கள் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. தினக்கூலிக்குப் போகிற வீட்டில் சட்டமன்ற உறுப்பினரால் ஆலையையும் துறைமுகத்தையும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அனுபவத்தில் தெரியும். அதிகாரம் இல்லாத பதவிக்கான போட்டியில் கைக்கு வருவது அந்தப் பணம் மட்டும்தான். பணம் வாங்கியவர்கள் கொடுத்தவருக்கே போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, எல்லாரிடமும் வாங்குகிற தெருக்கள் உண்டு. சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. கோடிகளை இறக்க முடிந்தவர்தான் வேட்பாளர் ஆகிறார், ஊருக்கு உழைத்த ஆசிரியரோ மீனவர் சங்கத்துக்காரரோ களத்துக்கே வர முடிவதில்லை. வாக்குச்சீட்டில் இரண்டு பெயர் நெருக்கமாக மோதினாலும் தேர்வு குறுகிவிடுகிறது.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால்தான் தொகுதிக்கு நல்லதா?

சாம் ஆஷர், பால் நொவோசாட் இருவரும் இந்தியத் தொகுதிகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஆமாம் என்கிறது. ஆளுங்கட்சி வேட்பாளர் நூலிழையில் வென்ற தொகுதிகளையும் நூலிழையில் தோற்ற தொகுதிகளையும் ஒப்பிட்டார்கள். வென்ற இடங்களில் தனியார் தொழில் வேகமாக வளர்ந்தது. அரசு அனுமதியை அதிகம் நம்பியிருக்கும் தொழில்களில் அந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிந்தது. கோப்பு நகர்கிறதா, மேஜையிலேயே கிடக்கிறதா என்பதுதான் விஷயம்.

இங்கேயும் அதைப் பார்த்தோம். ஆர்.கே. நகர் 2015இல் முதலமைச்சர் தொகுதியானதும் அதிகாரிகள் கார் வரிசையாக வந்தது. கொளத்தூர் 2021இல் முதலமைச்சர் தொகுதியானபோதும் அதே வேகம். எனக்கு இதில் மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். இரண்டு தெரு தள்ளியிருக்கிற வியாசர்பாடிப் பிள்ளைக்கு ஏன் அந்த வேகம் கிடைக்கக் கூடாது?

பின்னி மில் மூடியதற்கும் அரசியல் போட்டிதான் காரணமா?

இல்லை. பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் 1996இல் மூடியது. பழைய இயந்திரங்கள், விசைத்தறியோடு போட்டி, நிர்வாகச் சிக்கல் என்று பஞ்சாலைத் தொழிலுக்கே வந்த நெருக்கடி அது, பம்பாயிலும் நடந்தது. மூடிய பிறகு என்ன வர வேண்டும் என்பதில் அரசியலுக்கு இடம் இருந்தது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன, ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் எதைக் காட்டுகிறது?

2023 பட்ஜெட்டில் மூன்றாண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் தொடங்கியபோது பல துறைகளின் பணிகளையும் சேர்த்து 4,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பேருந்து நிலையம், பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு, குடிநீர் என்று பட்டியல் நீளம். மனதார வரவேற்கிறேன். 'வட சென்னை' என்ற பெயரில் தனியாக ஒரு திட்டம் வந்ததே பெரிது. நகரத்தின் இந்தப் பக்கத்து ஓட்டு முழுதாக ஒரு கட்சியின் பையில் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்ததன் பலன் இது என்று நினைக்கிறேன்.

ஆனால் பட்டியலைப் படித்தால் மெட்ரோவுக்கும் பறக்கும் சாலைக்கும் நடந்ததே இங்கேயும் தெரியும். கண்ணில் படும் கட்டடங்கள் இருக்கின்றன. கழிமுகத்தில் படிந்த சாம்பலை அள்ளுவதும், மணலியின் காற்றைச் சுத்தம் செய்வதும், ஆலைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் வாங்கித் தருவதும் அதே வேகத்தில் வரவில்லை.

எங்கள் பகுதி வளர்ந்ததா இல்லையா என்று எந்தக் கணக்கில் பார்ப்பது?

கஷ்டம்தான். உற்பத்தி மதிப்பு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கிடைக்கும், வட சென்னைக்கென்று தனிக் கணக்கு இல்லை. போதாததற்கு 2018வரை திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரும் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்தன. செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சப் படத்தை வைத்து ஆய்வாளர்கள் தொகுதிவாரி வளர்ச்சியை அளக்கிறார்கள். நம் பக்கத்துக்கு அது ஏமாற்றும். சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்தும் துறைமுக விளக்கும் இரவெல்லாம் எரியும், வெளிச்சம் அதிகம் என்று வரும். அந்த வெளிச்சத்தின் கீழே உள்ள வீட்டில் சம்பளம் எவ்வளவு என்று தெரியாது. வீட்டு வேலைவாய்ப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் படிப்பைத் தொடர்பவர்கள், மூச்சிரைப்புக்கு ஆஸ்பத்திரி போன செலவு ஆகியவற்றை வார்டுவாரியாக எடுத்தால்தான் உண்மை தெரியும். மாநகராட்சி நினைத்தால் செய்யலாம்.

சரி, ஒரு வாக்காளராக நாங்கள் என்ன செய்வது?

முடிவெடுக்கும் இடத்துக்குப் போட்டியைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டு வாசல்கள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன.

ஒன்று, பகுதி சபைக் கூட்டம். 2022இல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் முதன்முறையாகக் கூடியது. கவுன்சிலர் தலைமையில் உங்கள் பகுதி மக்களோடு நடக்கும். வருகிறவர்கள் குறைவு, அதனால் பத்துப் பேர் ஒன்றாகப் போய்ப் பேசினாலே கூட்டத்தின் போக்கு மாறும். தெருவிளக்கோடு நிற்காமல், நம் வார்டுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த ஒப்பந்தம் ஏன் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரும்பாலான பெரிய ஆலை, துறைமுக விரிவாக்கத்துக்கு அது கட்டாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார், பேசுவது பதிவாகும். முப்பது நாள் முன்னே செய்தித்தாளில் விளம்பரம் வர வேண்டும், திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கடைசியாக நடந்த கருத்துக் கேட்பில் நீங்கள் இருந்தீர்களா, எழுந்து என்ன பேசினீர்கள் என்று கேளுங்கள். பதிவு இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ளலாம்.